மலை அடிக்கும் ஹார்ன்: கோத்தகிரியிலிருந்து மங்களூர் வரை

ஊருக்குப் போயிருந்தபோது ஒரு சாயங்காலம் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு ஏற்காடு போனேன். சித்தப்பா சேலம் - ஏற்காடு மலைப்பாதையில் வருஷக்கணக்கில் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். இருபது கொண்டை ஊசி வளைவும் அவருக்கு அத்துப்படி. நான் ஓட்டும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

லேடீஸ் சீட்டில் நின்றபோது மேற்கே ஓமலூர்ப் பக்கம் ஒரு ஏடிஆர் விமானம் தாழ இறங்கிக்கொண்டிருந்தது. காமலாபுரம் ஏர்போர்ட்டுக்கு வருகிற விமானம். ஏற்காட்டிலிருந்து அந்த ஓடுபாதை நேர்கோட்டில் 15 கிலோமீட்டர்தான். ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது, சேர்வராயன் கோயில் 5,300 அடியில். அதாவது விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே நாலாயிரம் அடிக்கு மேல் ஒரு சுவர். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழிருந்து மூட்டம் ஏறி வந்து எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

சித்தப்பா கேட்டார்: "ஏன் கண்ணு, இந்த மூட்டத்துல அவனுக்கு மலை எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்? நாங்களாவது வளைவுல ஹார்ன் அடிப்போம். அவன் யாருக்கு அடிப்பான்?"

"அவன் அடிக்க வேண்டாம் சித்தப்பா. மலை அவனுக்கு ஹார்ன் அடிக்கும்" என்றேன். சொன்ன பிறகுதான் அது அவ்வளவு லேசான பதில் இல்லை என்று தோன்றியது. அந்த ஹார்ன் வருவதற்கு முன்னால் நம் மலைகளிலேயே என்ன நடந்தது, வந்த பிறகும் அதைக் கேட்காமல் என்ன நடந்தது என்று சில மாதமாகப் படித்து வைத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கோத்தகிரி. 1950 டிசம்பர் 13. பம்பாயிலிருந்து கோயம்புத்தூர் வந்துகொண்டிருந்த ஏர் இந்தியாவின் டிசி-3 விமானம், பதிவு எண் விடி-சிஎஃப்கே, நீலகிரியின் வடக்கு ஓரத்தில் ரங்கசாமி தூண் பக்கம் மலையில் மோதியது. உள்ளே இருந்த 21 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. இறந்தவர்களில் ஆபிரகாம் வால்ட் என்ற கணிதவியலாளரும் அவர் மனைவியும் உண்டு. இந்திய அரசின் அழைப்பில் விரிவுரைப் பயணமாக வந்தவர்.

புள்ளியியல் கொஞ்சம் படித்தவர்களுக்கு வால்ட் பெயர் தெரிந்திருக்கும். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் ஆராய்ச்சிக் குழுவில் இருந்தார். திரும்பி வந்த குண்டுவீச்சு விமானங்களில் எங்கெல்லாம் தோட்டா பட்டிருக்கிறது என்ற கணக்கை வைத்து எந்த இடத்தில் கவசம் போடலாம் என்று பார்க்கும் வேலை. துளை அதிகம் இருக்கிற இடத்தில் போடுவோம் என்றுதான் யாருக்கும் தோன்றும். வால்டின் கணக்கு வேறு மாதிரி: இவை திரும்பி வந்த விமானங்கள், இந்தத் துளைகளோடும் பறக்க முடிந்திருக்கிறது, திரும்பி வராத விமானங்களுக்கு எங்கே பட்டது என்பதுதான் கேள்வி. விமானம் பிழைப்பதைப் பற்றி இவ்வளவு யோசித்த மனுஷன், தோட்டா ஒன்றுகூடப் படாத, எந்தக் கோளாறும் இல்லாத விமானத்தில், நம்ம கோத்தகிரியில் முடிந்துபோனார். வால்டைப் பற்றி மறுபடி பேச வேண்டியிருக்கிறது, அதனால்தான் அவரிடமிருந்து ஆரம்பித்தேன்.

இருபத்தோரு வருஷம் கழித்து, 1971 டிசம்பர் 9. திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ, ஹெச்எஸ்-748. நல்ல பகல் நேரம், ஆனால் பார்வைத் தெளிவு இல்லை. மதுரைக்கு இறங்கத் தொடங்கிய விமானம், மதுரைக்கு 50 மைல் முன்னாலேயே சின்னமனூர்ப் பக்கத்து மலையில் மோதியது. 31 பேரில் 21 பேர் இறந்தார்கள், 10 பேர் பிழைத்தார்கள். தேனிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: சின்னமனூரில் நின்று பார்த்தால் மேகமலை ஒரே தூக்காக நிற்கும். மேலே மேகம் மூடியிருந்தால் அங்கே மலை இருக்கிறதென்றே தோன்றாது.

இந்த மாதிரி விபத்துக்கு விமானத் துறையில் ஒரு தனிப் பெயர் இருக்கிறது. ஆங்கிலத்தில் சுருக்கமாக சி.எஃப்.ஐ.டி. என்பார்கள். எஞ்சின் ஓடுகிறது, இறக்கை சரியாக இருக்கிறது, விமானி விழித்திருக்கிறார், விமானம் முழுக்க அவர் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. அப்படியே போய்த் தரையில் மோதுகிறது. உள்ளே இருப்பவர்களுக்குக் கடைசி நொடி வரை ஒரு சந்தேகமும் வராது. எங்கள் பாஷையில் சொன்னால், புரோகிராம் ஒரு எரர்கூடக் காட்டாமல் தப்பான விடை கொடுக்கிற மாதிரி. இருப்பதிலேயே மோசமான பக் அதுதான்.

ஜெட் யுகம் வந்த பிறகு இது குறையவில்லை, வேகத்தோடு சேர்ந்து கூடியது. 1974 டிசம்பரின் முதல் வாரத்தைப் பாருங்கள். டிசம்பர் 1, டிடபிள்யூஏ 514, போயிங் 727. வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்துக்கு இறங்கும்போது வர்ஜீனியாவில் மவுண்ட் வெதர் மலையில் மோதி 92 பேர் பலி. அப்ரோச்சுக்கு அனுமதி என்று கட்டுப்பாட்டு அறை சொன்னதை, இனி கீழே இறங்கலாம் என்று விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். சொன்னவர் மனதில் இருந்தது ஒன்று, கேட்டவர் மனதில் விழுந்தது இன்னொன்று.

மூன்றே நாள். டிசம்பர் 4 இரவு. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு, கொழும்பு கட்டுநாயக்கவில் இறங்கிப் போக வந்த மார்டினேர் 138, டிசி-8 விமானம். யாத்திரிகர்கள் 182, ஊழியர்கள் 9. கட்டுநாயக்க நெருங்கிவிட்டது என்று எண்ணி விமானிகள் படிப்படியாக உயரத்தைக் குறைத்தார்கள். உண்மையில் இன்னும் 40 நாட்டிக்கல் மைல் பாக்கி இருந்தது. கீழே இருந்தது மஸ்கெலியா பக்கத்து சப்த கன்னி மலை, ஏழு சிகரம் வரிசையாக நிற்கிற தொடர். 191 பேரும் இறந்தார்கள். தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த பகுதி அது. மலையகத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்கிற ஊர்கள். அந்த விமானத்தின் டயர் ஒன்றை நார்ட்டன் பிரிட்ஜ் பக்கம் நினைவாக வைத்திருக்கிறார்கள்.

ஒரே வாரத்தில், பூமியின் இரண்டு பக்கத்தில், ஒரே மாதிரித் தவறு. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அந்த டிசம்பரிலேயே உத்தரவு போட்டது: பெரிய பயணிகள் விமானங்கள் எல்லாவற்றிலும் ஒரு வருஷத்துக்குள் தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி இருக்க வேண்டும். உத்தரவுக்குக் காரணம் 514தான், மார்டினேர் இல்லை. அது அவர்கள் நாட்டு விபத்து, அவ்வளவுதான். ஆனாலும் சப்த கன்னி மலையை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கருவி அப்போதே தயாராக இருந்தது. செய்தவர் டான் பேட்மேன், கனடாவின் சஸ்கட்டூனில் 1932-ல் பிறந்தவர். சின்ன வயதில் ஊருக்குப் பக்கத்தில் இரண்டு ராணுவ விமானங்கள் மோதி விழுந்ததைப் பார்க்கப் பள்ளிக்கூடத்திலிருந்து நழுவிப் போனாராம். தண்டனையாக டீச்சர் பார்த்ததை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். எழுதிக் கொடுத்ததில் ஏகப்பட்ட எழுத்துப் பிழை. இவ்வளவு தப்பா எழுதுறவன் இன்ஜினியராத்தான் ஆவான் என்று டீச்சர் சொல்லிவிட்டாராம். (எழுத்துப் பிழைக்குப் பேர் போன என் சக இன்ஜினியர்கள் ஆறுதல் அடையலாம்.) பேட்மேன் 1960-களின் கடைசியில் இந்த வேலையை ஆரம்பித்தார். 1971 செப்டம்பரில் அலாஸ்காவின் ஜூனோவில் ஒரு போயிங் 727 மலையில் மோதி 111 பேர் இறந்தபோது, சின்ன விமானம் ஒன்றில் அதே பாதையில் தானே பறந்து பார்த்திருக்கிறார். நம்ம சின்னமனூர் விபத்து அதற்கு மூன்று மாதம் கழித்து.

கருவியின் தத்துவம் எளிமையானது. சாதாரண உயரமானி காற்றழுத்தத்தை வைத்துக் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று சொல்லும். அதற்கு மலை தெரியாது. ரேடியோ ஆல்டிமீட்டர் என்று இன்னொன்று உண்டு. விமானத்தின் வயிற்றிலிருந்து கீழே அலையை அனுப்பி, எதிரொலி வருகிற நேரத்தை வைத்துக் கீழே இருக்கிற தரைக்கு எவ்வளவு தூரம் என்று அளக்கும். சுமார் 2,500 அடி வரைதான் அதற்குக் கண் தெரியும். பேட்மேன் செய்தது என்னவென்றால், அந்த அளவு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று கணக்குப் போடுவது. பத்து விநாடிக்கு முன்னால் 2,000 அடி, இப்போது 1,500 அடி என்றால், நிமிடத்துக்கு 3,000 அடி வேகத்தில் தரை மேலே வருகிறது, கையில் இருப்பது முப்பது விநாடி. விமானம் இறங்குகிறதா, மலை ஏறுகிறதா என்ற ஆராய்ச்சி அதற்குத் தேவையில்லை. இதோடு சக்கரம் கீழே இறக்கியிருக்கிறதா, இறக்கையின் ஃப்ளாப் எந்த நிலையில் இருக்கிறது, ஓடுபாதையின் இறங்குகோட்டுக்குக் கீழே போய்விட்டோமா என்பதையும் சேர்த்துப் பார்த்து, சத்தமாகக் கத்தும். முதலில் 'ஊப் ஊப்' என்று ஒரு ஊளை, பிறகு 'புல் அப்'. தூக்கு!

இந்தப் பெட்டியின் குறை உங்களுக்கே தெரிந்திருக்கும். அது கீழே பார்க்கிறது, முன்னால் பார்ப்பதில்லை. சேர்வராயன் மலையை வைத்து ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சமவெளியிலிருந்து 3,000 அடி உயரத்தில், மணிக்கு 440 கி.மீ. வேகத்தில் ஒரு விமானம் மலையை நோக்கி நேராக வருகிறது. மலைச்சரிவு கிலோமீட்டருக்கு ஆயிரம் அடி ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். சமவெளி மேல் இருக்கும்வரை தரை 3,000 அடி கீழே, பெட்டிக்குக் கண்ணே தெரியாது. சரிவு தொடங்கி அரை கிலோமீட்டர் போன பிறகுதான் 2,500 அடிக்குள் வரும். அப்போது மோதுவதற்கு 20 விநாடி. அது அளந்து, கணக்கை உறுதிசெய்து, வாயைத் திறப்பதற்குள் 15-க்கும் கீழே போய்விடும். அதற்குள் இரண்டு மனுஷர்கள் கேட்டு, நம்பி, கையை அசைத்து, நூறு டன் எடை திசை மாற வேண்டும்.

1979 நவம்பர் 28, அண்டார்டிகாவின் எரபஸ் மலையில் மோதிய ஏர் நியூசிலாந்து 901-க்குக் கிடைத்தது ஆறே விநாடி. அந்த கேப்டன் நிதானமாக எஞ்சின் பவர் கேட்டார். செய்ய வேண்டியதைத்தான் செய்தார், நேரம்தான் இல்லை. 257 பேர். இந்த விபத்தில் பெட்டி சொன்னதை விமானி கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் 1983 நவம்பர் 27 மாட்ரிட் கதை வேறு. அவியாங்கா 011, போயிங் 747. இறங்கும்போது பெட்டி கத்துகிறது. கேப்டன் பதில் சொல்கிறார்: "புவேனோ, புவேனோ." ஸ்பானிஷில் 'சரி, சரி' என்று அர்த்தம். வீட்டில் யாராவது நச்சரித்தால் நாம் சொல்லுவோமே, அந்த மாதிரி. 181 பேர் இறந்தார்கள். பெட்டி இங்கிலீஷில் பேசியதற்கு அவர் வெள்ளைக்காரனைத் திட்டுகிற மாதிரி கோபமாகக் கத்தினார் என்று ஒரு கதை உலகம் முழுக்கச் சுற்றுகிறது. அது கட்டுக்கதை. உண்மையில் கோபமே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

ஏன் அப்படிச் சொல்லத் தோன்றும்? ஆரம்பக் காலத்துப் பெட்டிகள் வீணாகவும் கத்தும். ஓடுபாதைக்கு முன்னால் ஒரு மேடு இருந்தால், அதைத் தாண்டும்போது ஒவ்வொரு முறையும் சத்தம் போடும். பத்து தடவை பொய் சொன்னவன் பதினோராவது தடவை உண்மை சொன்னால்? இது எனக்கு அனுபவத்தில் தெரியும். முன்னால் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் ராத்திரி ட்யூட்டி போன் என்னிடம் இருந்தது. சர்வரில் டிஸ்க் நிறைகிறது என்று ராத்திரி மூணு மணிக்கு அலாரம் வரும், எழுந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஒரு மாசம் இப்படி. அப்புறம் படுத்தபடியே கட்டைவிரலால் அதை அணைக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு நாள் நிஜமாகவே நிறைந்தது. காலையில் போனைப் பார்த்தால், நான்தான் அணைத்திருக்கிறேன். அணைத்ததே ஞாபகம் இல்லை. யாரும் சாகவில்லை, நாலு மணி நேரம் ஒரு வெப்சைட் படுத்தது, அவ்வளவுதான். ஆனாலும் அந்த கேப்டனின் 'புவேனோ, புவேனோ' படித்தபோது என் கட்டைவிரல்தான் நினைவுக்கு வந்தது.

விமானத் துறை இதற்குக் கண்டுபிடித்த வழி, யோசிக்கிற வேலையையே எடுத்துவிடுவது. இரவிலோ மேகத்திலோ 'புல் அப்' கேட்டால் ஏன் என்று கேட்கக் கூடாது. ஆட்டோபைலட்டை அணை. எஞ்சினுக்கு முழு பவர். இறக்கையைச் சமமாக்கு. மூக்கைத் தூக்கு, போயிங் என்றால் 20 டிகிரி. ஸ்பீட் பிரேக் விரிந்திருந்தால் மடக்கு. சக்கரத்தையும் ஃப்ளாப்பையும் தொடாதே. பாதுகாப்பான உயரம் வந்த பிறகு, என்ன நடந்தது என்று நிதானமாகப் பேசிக்கொள். பகல் வெளிச்சத்தில், தரை கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்து, மோத எதுவும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் விதிவிலக்கு. இதை சிமுலேட்டரில் மறுபடி மறுபடி செய்ய வைக்கிறார்கள். கை தானாகப் போக வேண்டும், மூளைக்குத் தகவல் அப்புறம் போனால் போதும்.

அதுவும் போதாமல் போனது 1995 டிசம்பர் 20-ல். கொலம்பியாவின் காலி நகருக்கு இறங்கிய அமெரிக்கன் 965. பெட்டி கத்தியதும் விமானிகள் உடனே மூக்கைத் தூக்கினார்கள், முழு பவர் கொடுத்தார்கள். மோதுவதற்கு 13 விநாடி இருந்தது. ஆனால் இறக்கத்துக்காக முன்பே விரித்து வைத்த ஸ்பீட் பிரேக் இறக்கையின் மேல் அப்படியே இருந்தது. அதை மடக்க யாருக்கும் தோன்றவில்லை. மலையுச்சிக்குக் கொஞ்சம் கீழே மோதியது. 159 பேர் இறந்தார்கள், நாலு பேர் பிழைத்தார்கள்.

பேட்மேன் அதற்குள் முன்னால் பார்க்கிற பெட்டியைத் தயார் செய்துகொண்டிருந்தார். யோசனை இதுதான்: உலகத்தின் மலைகள் எல்லாவற்றையும் ஒரு டேட்டாபேஸில் போட்டு, விமானம் எங்கே இருக்கிறது என்று ஜி.பி.எஸ். சொன்னால், முன்னால் என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். ஆனால் உலகம் முழுக்க மலைகளின் உயரக் கணக்கு யாரிடம் இருக்கும்? ராணுவங்களிடம். யாரும் தரமாட்டார்கள். சோவியத் யூனியன் உடைந்ததும் அவர்கள் ரகசியமாகத் தயாரித்து வைத்திருந்த நிலவரைபடங்கள் விலைக்கு வந்தன. பேட்மேனின் ஆட்கள் வாங்கிப்போட்டார்கள். ஏவுகணை விடவும் டாங்கி ஓட்டவும் போட்ட வரைபடத்தால் இப்போது பயணி விமானம் மலையைச் சுற்றிப் போகிறது. பனிப்போரால் உலகத்துக்கு உருப்படியாகக் கிடைத்த ஒரு சில பொருள்களில் இதையும் சேர்ப்பேன்.

புதிய பெட்டி 15 விநாடி இல்லை, ஒரு நிமிஷம் முன்னாலேயே 'காஷன் டெரெய்ன்' என்று ஆரம்பிக்கும். அரை நிமிஷம் இருக்கும்போது 'புல் அப்'. நேரப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. மிச்சம் இருப்பது நம்புகிற பிரச்சினை.

2012 மே 9, இந்தோனேசியாவின் சலாக் மலை. புத்தம்புது சுகோய் சூப்பர்ஜெட், வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காகப் பறந்தது. மேகம். மோதுவதற்கு 38 விநாடிக்கு முன்னால் பெட்டி எச்சரித்தது, தொடர்ந்து ஆறு முறை. டேட்டாபேஸில்தான் தப்பு என்று நினைத்து கேப்டன் அதை அணைத்துவிட்டார். 45 பேர். முதல் எச்சரிக்கையிலிருந்து 24 விநாடிக்குள் தூக்கியிருந்தால் தப்பியிருக்கலாம் என்று விசாரணையில் சிமுலேட்டரில் செய்து பார்த்துச் சொன்னார்கள். 'டேட்டாபேஸ்ல தப்பு இருக்கும்' என்ற வாக்கியத்தை நான் ஆபீஸில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

நமக்குப் பக்கத்தில் நடந்தது மங்களூர். 2010 மே 22, காலை ஆறு மணி சுமாருக்கு. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812, போயிங் 737. இது மலையில் மோதிய கதை இல்லை. மலையை வெட்டி மேஜை மாதிரி செய்த ஓடுபாதையைத் தாண்டி, மறுபக்கம் பள்ளத்தில் விழுந்த கதை. 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். ஆனால் பெட்டி இதிலும் கத்தியது.

மங்களூரின் ரேடார் இரண்டு நாளாக வேலை செய்யவில்லை, அதனால் விமானத்தைத் தாமதமாகத்தான் கீழே இறங்கவிட்டார்கள். இரண்டு மணி நேரம் ஐந்து நிமிட காக்பிட் ஒலிப்பதிவில் முதல் 1 மணி 40 நிமிடம் கேப்டன் தூக்கத்தில் இருந்தார். எழுந்ததும் முழுத் தெளிவு வராத மந்தநிலை இருந்திருக்கும் என்றது விசாரணை அறிக்கை. ஓடுபாதை கண்ணில் பட்டபோது இருக்க வேண்டிய உயரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கில் இருந்தார்கள். அதைச் சரிக்கட்ட மூக்கைக் குத்தி வேகமாக இறங்கினார்கள். பெட்டி 'சிங்க் ரேட்' என்றது, இறக்க வேகம் அதிகம் என்று. பிறகு 'புல் அப்', 'புல் அப்' என்று திரும்பத் திரும்ப.

பெட்டியோடு சேர்ந்து ஒரு மனிதரும் சொன்னார். துணை விமானி மூன்று முறை 'கோ அரவுண்ட்' என்றார்: இறங்க வேண்டாம், மேலே போய்ச் சுற்றி வருவோம். கேப்டன் இறக்கினார். 8,000 அடி ஓடுபாதையில் சுமார் 5,200 அடி தாண்டித்தான் சக்கரம் ஒழுங்காகத் தரையில் உட்கார்ந்தது. அதன்பிறகு பிரேக் போட்டவர், மனம் மாறி மறுபடி கிளம்பப் பார்த்தார். இரண்டுக்கும் இடம் இல்லை.

ஏர் மார்ஷல் கோகலே தலைமையிலான விசாரணைக் குழுவின் அறிக்கையில் நான் நீண்ட நேரம் நின்ற இடம் ஒன்று உண்டு. முக்கியக் காரணம் கேப்டன் இறக்கத்தைக் கைவிடாதது என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, துணைக் காரணங்களில் இதையும் சேர்க்கிறார்கள்: துணை விமானி தானாகவே கோ அரவுண்ட் செய்யலாமா என்பதில் விதிமுறைகள் தெளிவாக இல்லை, அதனால்தான் அவர் வாயால் மறுபடி மறுபடி சொன்னாரே தவிர, கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்கவில்லை போலும். இரண்டு பேருக்கும் முன்னால் அதே ஸ்டியரிங் இருக்கிறது, ஒரே அளவு. கைக்கு எட்டும் தூரம். சீனியரின் கையை மீறி அதைப் பிடிக்கிற உரிமை உனக்கு உண்டு என்று சந்தேகமில்லாமல் எழுதி வைத்திருக்க வேண்டியதை எழுதவில்லை. பெட்டியைக் குறை சொல்ல முடியாது, அது கடைசி வரை கத்தியது. செத்துப்போன கேப்டனைத் திட்டுவதும் சுலபம், டிவியில் அன்றைக்கு அதைத்தான் செய்தார்கள். எனக்கு அந்த எழுதாத வரிதான் உறுத்துகிறது.

இப்போது வால்டிடம் திரும்பலாம். இதுவரை நான் அடுக்கியது எல்லாம் விழுந்த விமானங்கள். மாட்ரிட், காலி, சலாக், மங்களூர் என்று படித்துக்கொண்டே போனால், விமானிகள் எச்சரிக்கையைக் கேட்கவே மாட்டார்கள் போல என்று தோன்றிவிடும். எனக்கும் முதல் இரண்டு மாசம் அப்படித்தான் தோன்றியது. இது வால்ட் சுட்டிய தப்பையே தலைகீழாகச் செய்வது. அவருக்கு முன்னால் இருந்தவை திரும்பி வந்த விமானங்கள் மட்டும். எனக்கு முன்னால் இருப்பவை திரும்பி வராதவை மட்டும். பெட்டி கத்தி, விமானி ஒரு கேள்வியும் கேட்காமல் மூக்கைத் தூக்கி, சுற்றி வந்து இறங்கி, பயணிகள் லேட் ஆகிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே பெல்ட்டில் பெட்டி எடுக்கப் போன நாட்களுக்கு விசாரணைக் குழு கிடையாது, தினத்தந்தியில் தலைப்பு கிடையாது. பேட்மேன் 2023 மே மாதம் தன் 91-வது வயதில் இறந்தபோது, அவரால் காப்பாற்றப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள் என்று எழுதினார்கள். அதில் யாருக்கும் தான் ஒருவர் என்று தெரியாது. நீங்களும் நானும்கூட இருக்கலாம்.

இதை எல்லாம் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது சித்தப்பாவிடம் என்னால் முடிந்த மாதிரி சொன்னேன். மங்களூர் வரை கேட்டுவிட்டு, "பக்கத்துல இருந்தவன் பிடுங்கியிருக்கணும்" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஆனா நான் ஓட்டும்போது எங்க கண்டக்டர் ஸ்டியரிங்ல கை வெச்சிருந்தா, அறைஞ்சிருப்பேன்" என்றார். அடுத்த வளைவில் நான் ஹார்ன் அடிக்க மறந்தேன். இடது பக்கம் அவர் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது.

ஒரு வேண்டுகோள். சின்னமனூர், மேகமலைப் பக்கத்து வாசகர்கள் யாராவது இருந்தால், வீட்டில் பெரியவர்களிடம் 1971 டிசம்பரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேர் உயிரோடு இறங்கி வந்திருக்கிறார்கள். அவர்களைத் தேடி மலையேறியவர்கள், சுமந்து வந்தவர்கள், முதலில் சத்தம் கேட்டவர்கள் என்று யாராவது ஒருவர் அந்த ஊர்களில் இன்னும் இருக்கலாம். அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி அனுப்பினால் போதும்.